விலையைக் குறைப்பதற்கு முன்: கடையில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க

வியாபாரம் மந்தமானதும் நம்ம ஆட்களின் கை முதலில் போவது விலைமேல்தான். பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் புடவைக் கடை வைத்திருப்பவர், பிரிக்ஃபீல்ட்ஸில் பூ விற்பவர், செந்தூலில் வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்கும் அக்கா, யாரைக் கேட்டாலும் "கொஞ்சம் கம்மி பண்ணிப் பார்த்தேன், அப்பவும் ஓடல" என்பார்கள். ஓடாததற்குக் காரணம் உண்டு. விலை அதிகம் என்று வாங்காமல் போகிறவர் ஒரு வகை, நீங்கள் சொல்கிற விலைதான் உண்மையான விலையா என்று சந்தேகப்பட்டு வாங்காமல் போகிறவர் இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் கடையை விட்டு இறங்குவார்கள். ஆனால் இரண்டாவது ஆளுக்கு நீங்கள் விலையைக் குறைத்தால் அவருடைய சந்தேகம் இன்னும் கூடும், "அப்போ முன்னாடி சொன்னது பொய்தானே" என்று.

கீழே இருப்பவற்றில் உங்கள் கடைக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சோதனையை முதலில் செய்யுங்கள், மாற்றத்தை அப்புறம் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் எதையும் சோதிக்க வேண்டாம், அந்த மாதத்தில் எல்லாமே விற்கும், எதையும் நிரூபிக்காது.

அறிகுறி: வருகிறார்கள், தொட்டுப் பார்க்கிறார்கள், "எவ்வளவு" என்று கேட்கிறார்கள், "அப்புறம் வரேன்" என்று போய்விடுகிறார்கள்

முதலில் பார்க்க வேண்டியது: பொருளில் விலைச்சீட்டு இருக்கிறதா? மலேசியாவில் சில்லறைக் கடை விலையைக் காட்டித்தான் விற்க வேண்டும் என்பது சட்டம், உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரி வந்தால் அபராதம் உண்டு. அதை விடுங்கள். விலை கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், வாடிக்கையாளர் மனதில் ஓடுவது என்னவென்று யோசியுங்கள். என் கைப்பையைப் பார்த்துச் சொல்கிறானா? தமிழ் பேசியதால் ஒரு விலை, ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பலிலிருந்து இறங்கி நடந்து வரும் வெள்ளைக்காரனுக்கு வேறு விலையா? இந்தக் கேள்வி வந்த பிறகு நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அவருக்கு அது அதிகமாகத்தான் படும்.

சோதனை எளிது. உங்கள் கடையில் வேலை பார்க்கும் இரண்டு பேரைத் தனித்தனியாக அழைத்து ஒரே புடவையைக் காட்டி விலை கேளுங்கள். தெரிந்த ஒருவரை வெளியிலிருந்து அனுப்பி மூன்றாவதாகவும் கேட்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் கோளாறு இங்கே இல்லை, கீழே போங்கள். வேறு வேறாக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

சரிசெய்வது: எல்லாப் பொருளுக்கும் எண்ணால் எழுதிய சீட்டு. முதலாளிக்கு மட்டும் புரியும் ரகசிய எழுத்துக் குறி வேண்டாம், அதைப் பார்த்தாலே வாடிக்கையாளருக்கு எரிச்சல் வரும். எடைக்கு விற்பவர்கள் 100 கிராம் விலையைப் பெரிதாகப் போட்டு '100 கிராம்' என்பதை எறும்பு அளவில் எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கல்லாவில் எடை போடும்போது அந்த முகம் மாறுவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஆள் அடுத்த முறை வரமாட்டார்.

அறிகுறி: பேரம் பேசாமல் ஒருவரும் வாங்குவதில்லை, பழைய வாடிக்கையாளர்கள்கூட

இதைப் பலர் நம் மக்களின் குணம் என்று தள்ளிவிடுகிறார்கள். "நம்மாளுக்குக் கம்மி பண்ணினாத்தான் தூக்கம் வரும்" என்பார்கள். நான் இதை ஒத்துக்கொள்வதில்லை. அதே ஆன்டி பேரங்காடியில் ஒரு வார்த்தை பேசாமல் காசு கட்டிவிட்டுப் போகிறார். உங்கள் கடையில் பேசுகிறார் என்றால், பேசினால் குறையும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

சோதனை: ஒரு வாரப் பில்களை எடுத்து, சீட்டில் இருந்த விலைக்கும் கடைசியில் வாங்கிய காசுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதுங்கள். கிட்டத்தட்ட எல்லாப் பில்லிலும் 20, 30 வெள்ளி (ரிங்கிட்) இறங்கியிருந்தால், சீட்டில் இருப்பது விலையே இல்லை, அது பேச்சின் தொடக்கம். இதில் உண்மையிலேயே ஏமாறுகிறவர் யார்? பேரம் பேசக் கூச்சப்படுகிறவர். "போலே கூராங்" (குறைக்க முடியுமா) என்று மலாயில் கேட்கத் தெரியாத வெளியூர்க்காரர், புதிதாகக் கல்யாணமான பெண், அவசரத்தில் வந்தவர். உங்களை நம்பி, கேட்காமல் காசு கொடுத்தவரிடம்தான் நீங்கள் அதிகம் வாங்கியிருக்கிறீர்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரி அதே புடவையை 40 வெள்ளி குறைவாக வாங்கியதைக் கேள்விப்படும் நாளில் உங்கள் கணக்கு முடிந்தது.

நிலையான விலை என்பது உலகத்துக்கே ஒரு காலத்தில் புதுசுதான். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்துவப் பிரிவினர், கடைசியில் தாங்கள் ஒத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் விலையைவிட அதிகம் கேட்பது பொய் சொல்வதற்குச் சமம் என்று நினைத்தார்கள், அதனால் ஒரே விலைதான் சொன்னார்கள். முதலில் அவர்கள் கடையில் கூட்டமே இல்லை. அப்புறம், சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் பெரியவருக்குக் கொடுக்கும் அதே விலைக்குக் கொடுப்பார்கள் என்ற பேச்சு பரவியதும் வியாபாரம் திரண்டது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் போன் மார்ஷேவும் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் வானமேக்கரின் கடையும் இதையே பெரிய அளவில் செய்தன. பிள்ளையை அனுப்பலாமா என்பது இன்றைக்கும் நல்ல கேள்விதான், உங்கள் கடையை வைத்துக் கேட்டுப் பாருங்கள்.

ஒரே நாளில் "ஃபிக்ஸட் பிரைஸ்" பலகை மாட்டினால் பழைய ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள், அது நிச்சயம். செய்ய வேண்டியது இது. பில்களில் பார்த்தீர்களே, வழக்கமாக எந்த விலைக்கு இறங்குகிறீர்களோ அதையே சீட்டில் போடுங்கள். பேரம் கேட்பவருக்குக் காசில் குறைக்காமல், எல்லோருக்கும் பொதுவான ஒரு சலுகையை எழுதி ஒட்டுங்கள்: இரண்டு புடவை வாங்கினால் ஃபால்ஸ் தைப்பது இலவசம், அந்த மாதிரி. கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் ஒன்றே. "அண்ணே, எனக்குமா இந்த விலை?" என்று பழைய வாடிக்கையாளர் கேட்டால், "அக்கா, இப்ப எல்லாருக்குமே முன்னாடி உங்களுக்குக் கொடுத்த விலைதான்" என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. சொந்தக்காரர்கள்தான் கடைசி வரை அடங்கமாட்டார்கள். அவர்களுக்கு வேறு ஏதாவது செய்துகொள்ளுங்கள், கல்லாவில் வேண்டாம்.

அறிகுறி: விற்பனை நன்றாக இருக்கிறது, கல்லாவில் காசு இல்லை

இங்கே மூன்று இடத்தில் ஓட்டை இருக்கலாம்.

முதல் ஓட்டை, சதவிகிதக் கணக்கு. 60 வெள்ளிக்கு வாங்கிய பொருளுக்கு "40 சதவிகிதம் வைத்து" 84 வெள்ளி போடுகிறீர்கள். பிறகு ஸ்டாக் தீர்க்க 40 சதவிகிதத் தள்ளுபடி, "வைத்ததைத்தானே எடுக்கிறேன், முதலுக்கு மோசமில்லை" என்று. 84இல் 40 சதவிகிதம் எடுத்தால் மீதி 50 வெள்ளி 40 சென். ஒவ்வொன்றிலும் 9 வெள்ளி 60 சென் கையை விட்டுப் போகிறது. 30 சதவிகிதத் தள்ளுபடியிலேயே நஷ்டம் தொடங்கிவிடுகிறது. ஏற்றும்போது அடக்க விலையில் கணக்கு, இறக்கும்போது விற்கும் விலையில் கணக்கு என்பதை மறந்தால் இப்படித்தான்.

தள்ளுபடிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 70க்கு வாங்கி 100க்கு விற்கும் பொருளில் 10 சதவிகிதம் குறைத்தால் லாபம் 30இலிருந்து 20 ஆகிறது. பழைய லாபம் வர, 10 விற்ற இடத்தில் 15 விற்க வேண்டும். 20 சதவிகிதம் குறைத்தால் 30 விற்க வேண்டும். கடைக்கு அத்தனை பேர் வருவார்களா என்று கேட்டுக்கொண்டு பலகையை எழுதுங்கள்.

இரண்டாவது, உங்கள் சொந்த உழைப்பு. வீட்டிலிருந்து பலகாரம் விற்பவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். ஒரு டப்பா முறுக்குக்கு மாவு, எண்ணெய், கேஸ், டப்பா எல்லாம் சேர்த்து 9 வெள்ளி, விற்பது 15, ஆக லாபம் 6 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் ஐந்து மணி நேரம் அடுப்படியில் நின்று 20 டப்பா. மலேசியாவில் குறைந்தபட்ச சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளி 72 சென். பத்து மணி நேர உழைப்புக்கு 87 வெள்ளி 20 சென். 20 டப்பாவின் 120 வெள்ளி லாபத்தில் அதைக் கழித்தால் டப்பாவுக்கு 2 வெள்ளிகூட மிஞ்சவில்லை. இதில் 'ரெகுலர் கஸ்டமருக்கு 10 சதவிகிதம் கழிவு' என்று 1 வெள்ளி 50 சென்னும் கொடுத்துவிட்டால், வெறும் 14 சென்னுக்காகத்தான் எண்ணெய்ச் சூட்டில் நின்றீர்கள். விலையை ஏற்றத் தயக்கமாக இருந்தால் டப்பாவைச் சின்னதாக்கலாம், தவறில்லை, ஆனால் எடையை டப்பாமேல் எழுதிவிடுங்கள். பழைய டப்பாவிலேயே கொஞ்சம் குறைத்துப் போட்டு வாயை மூடிக்கொள்வதுதான் தவறு.

மூன்றாவது 555 புத்தகம், கடன் கணக்கு எழுதும் அந்தச் சின்ன நோட்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடன் கொடுத்ததை வசூலாகும் நாளில் விற்பனையாக எழுதுங்கள், கொடுத்த நாளில் வேண்டாம். உண்மை நிலவரம் தானாகத் தெரிந்துவிடும்.

அறிகுறி: ஆஃபர் பலகை வைத்தும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை

பலகை எத்தனை நாளாக அங்கே இருக்கிறது? வெயிலில் வெளுத்துப்போன 'மெகா சேல்' துணிப் பலகையைப் பார்க்கிறவருக்கு அது கடையின் பெயர் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த கேள்வி: அடித்துக் காட்டியிருக்கும் பழைய விலைக்கு நீங்கள் எப்போதாவது உண்மையிலேயே விற்றீர்களா? 199 என்று எழுதி அடித்துவிட்டு 99 போட்டு, 199க்கு ஒன்றுகூட விற்றதில்லை என்றால் அது பொய் விலை, 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின் கீழ் மாட்டிக்கொள்ளக்கூடிய விஷயம். பலகைக்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போடுங்கள். முடிந்த மறுநாள் காலை கழற்றுங்கள். கழற்றுவதைத் தெருவே பார்க்க வேண்டும்.

99 சென் விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2008 ஏப்ரலிலிருந்து மலேசியாவில் ரொக்கப் பில்லின் மொத்தத்தை 5 சென்னுக்குச் சுற்றுகிறோம். 9.99க்கு ஒரே பொருள் வாங்கி ரொக்கம் கொடுத்தால் 10 வெள்ளிதான், ஒரு சென் திரும்பி வராது. கியூஆர் அடிப்பவருக்குத்தான் அந்த ஒரு சென் மிச்சம். மற்ற நாட்டு விற்பனைப் பாடங்களைப் பார்த்து 99 போடுவதைவிட நேராக 10 என்று எழுதினால், குறைந்தபட்சம் கல்லாவில் நிற்கும் பையன் கணக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

அறிகுறி: டிக்டாக்கிலும் வாட்ஸ்அப்பிலும் நிறையப் பேர் விசாரிக்கிறார்கள், ஆர்டர் வருவதில்லை

படத்துக்குக் கீழே "விலைக்கு பிஎம் செய்யவும்" (தனிச்செய்தி அனுப்பவும்) என்று போட்டிருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள். இணையத்தில் விற்பவர் அனுப்பும் செலவு, வரி எல்லாம் சேர்த்த முழு விலையையும் காட்ட வேண்டும் என்பது விதி. விலையைக் காட்டினால் போட்டிக் கடைக்காரன் பார்த்துவிடுவான் என்பது பலரின் பயம். அவன் வேறு பெயரில் பிஎம் செய்து என்றைக்கோ தெரிந்துகொண்டான். தெரியாமல் இருப்பது வாங்க வந்தவருக்கு மட்டும்தான்.

விலை போட்டும் கூடையில் போட்டுவிட்டு விட்டுப்போகிறார்கள் என்றால் அனுப்பும் செலவைப் பாருங்கள். 25 வெள்ளிப் பொருள் சபாவுக்குப் போகும்போது கடைசிப் பக்கத்தில் திடீரென்று ஏறினால் யாருக்கும் கடுப்பு வரும். தீபகற்பத்துக்கு இவ்வளவு, சபா சரவாக்குக்கு இவ்வளவு என்று முதல் படத்திலேயே எழுதுங்கள்.

நேரலையில் "மூணு பீஸ்தான் இருக்கு, சீக்கிரம்" என்று கத்துவது தனிக் கலை. மூன்றுதான் இருந்தால் தாராளமாகக் கத்தலாம். ஆனால் உங்கள் நேரலையைத் தினமும் பார்ப்பவர்கள்தான் உங்கள் நல்ல வாடிக்கையாளர்கள், அதே பச்சைப் பட்டில் நேற்றும் மூன்று, இன்றும் மூன்று என்பதை முதலில் கவனிப்பவர்களும் அவர்களே.

அறிகுறி: பண்டிகை நேரத்தில் விலை ஏற்றினேன், வாங்கிக்கொண்டே திட்டுகிறார்கள்

தைப்பூசத்துக்குத் தேங்காய், தீபாவளிக்கு மல்லிகை. எத்தனை சொன்னாலும் விற்கும், அதுதான் ஆபத்து. 1986இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூவர் கனடா மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: 15 டாலருக்கு விற்ற பனி அள்ளும் மண்வெட்டியைப் பனிப்புயலுக்கு மறுநாள் கடைக்காரர் 20 ஆக்கினால் சரியா? 82 சதவிகிதம் பேர் நியாயமில்லை என்றார்கள். அதே ஆய்வில், கொள்முதல் விலை ஏறியதால் அந்த அளவுக்கு மட்டும் விலையை ஏற்றிய கீரைக் கடைக்காரரைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். பனி தெரியாத ஊரில் இருக்கும் நமக்கும் இது அப்படியே பொருந்துகிறது. ஏறியதற்காக மட்டும் மக்கள் கோபப்படுவதில்லை, தங்கள் அவசரத்தைப் பார்த்து ஏற்றினான் என்று தோன்றும்போதுதான் கோபம்.

ஆகவே கொள்முதல் ஏறியிருந்தால் சொல்லுங்கள். "போன வாரம் மொத்த விலை இவ்வளவு, இந்த வாரம் இவ்வளவு" என்று ஒரு அட்டையில் எழுதி வையுங்கள், அவ்வளவு போதும். கொள்முதல் ஏறவே இல்லை என்றால் உங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை, அப்போது ஏற்றாதீர்கள். 2011ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டம் கேட்கும் கேள்வியும் ஏறக்குறைய இதுதான், அதிகாரி கொள்முதல் பில்லைத்தான் கேட்பார், ஆகவே பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். அரசாங்கத்தின் விழாக்கால உச்ச விலைப் பட்டியலில் உள்ள பொருளுக்கு இளஞ்சிவப்பு விலைச்சீட்டு கட்டாயம், பட்டியல் பண்டிகைக்குப் பண்டிகை மாறும்.

அறிகுறி: வாங்கியவர் திரும்பி வந்து சண்டை போடுகிறார்

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகை உங்களைக் காப்பாற்றாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்துக்குக் கொடுக்கும் உத்தரவாதத்தைக் கடைக்காரர் பலகை எழுதி ரத்து செய்ய முடியாது. மனம் மாறி வந்தவருக்கு மறுக்கலாம், பழுதான பொருளோடு வந்தவருக்கு முடியாது. அவர் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனால் 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீலும் தேவையில்லை. வழி தெரியாதவருக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969லிருந்து இங்கே இருக்கிறது.

எந்தப் பொருள் அதிகம் திரும்புகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். அநேகமாக அந்தக் குறை உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். முதல் இரண்டு சலவைக்குச் சாயம் போகும், இந்த ஜரிகை வியர்வை பட்டால் கறுக்கும், இந்த மாடல் கைப்பேசிக்கு பேட்டரி மாற்றியிருக்கிறது. விற்கும்போதே சொல்லுங்கள், பில்லிலும் எழுதுங்கள். பழைய பொருள் விற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நல்லதையும் கெட்டதையும் வாங்குபவரால் பிரித்துப் பார்க்க முடியாத சந்தையில் எல்லாவற்றுக்கும் சந்தேக விலைதான் கிடைக்கும், கடைசியில் நல்ல பொருள் வைத்திருப்பவன்தான் சந்தையை விட்டு ஓடுவான் என்று பழைய கார்களை வைத்து 1970இல் காட்டினார் ஜார்ஜ் ஏகர்லாஃப், 2001இல் நோபல் வாங்கியவர். குறையைச் சொன்னால் அந்தப் பொருளுக்குக் காசு குறையும், உண்மைதான். ஆனால் அதே ஆள் "இதில் குறை எதுவும் இல்லை" என்று நீங்கள் சொல்லும் அடுத்த பொருளை முழு விலைக்கு வாங்குவார்.

அறிகுறி: ஒரு விற்பனையாளர் மட்டும் அள்ளிக் குவிக்கிறார், ஆனால் அவர் விற்றவர்கள் மறுபடி வருவதில்லை

கமிஷனைப் பாருங்கள். விற்ற அன்றே கமிஷன் என்றால் அவர் தள்ளிவிடத்தான் செய்வார். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்த பிறகு கொடுங்கள். நேரடி விற்பனையில் வீட்டுக்கே வந்து விற்பவரிடம் வாங்கியவருக்குச் சட்டமே பத்து வேலை நாள் யோசிக்கும் காலத்தை வைத்திருக்கிறது, ஆயுள் காப்புறுதிக்கு 15 நாள். அழுத்தி விற்றது பெரும்பாலும் அந்த நாட்களுக்குள் அவிழ்ந்துவிடும்.

அறிகுறி: மேலே எதுவும் இல்லை, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் விற்கவில்லை

அப்படியானால் விலைதான். ஷாப்பி என்ற இணையச் சந்தையில் அதே பொருள், அதே படம், 15 வெள்ளி குறைவு என்று வாடிக்கையாளர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினால் "அது டூப்ளிகேட்" என்று வாய் கூசாமல் சொல்லாதீர்கள், பாதி நேரம் இரண்டும் ஒரே மொத்த வியாபாரியிடமிருந்து வந்தவைதான். உங்களிடம் வாங்கினால் என்ன கூடுதல் என்று இரண்டு வரியில் சொல்ல முடிகிறதா பாருங்கள்: வாசல் வெளிச்சத்தில் நிறத்தைப் பார்க்கலாம், ரவிக்கையை இங்கேயே தைத்துத் தருவோம், பொருந்தாவிட்டால் நாளைக்கே மாற்றலாம். சொல்ல முடிந்தால் அந்தக் கூடுதல் வேலைக்குத் தனி விலை போடுங்கள், பொருளை ஷாப்பி விலைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். சொல்ல ஒன்றுமே இல்லை என்றால், இருக்கும் ஸ்டாக்கை அடக்கத்துக்குத் தள்ளிவிட்டு அந்தப் பொருளை மறுபடி கொள்முதல் செய்யாதீர்கள்.